விழாத நாற்பத்திரண்டு படங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாத இதழைப் பன்னிரண்டு ஆண்டுகளாக அட்டை முதல் அட்டை வரை வாசித்துவரும் சந்தாதாரன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் அலுவலகத்தார் அனைவரும், முக்கியமாகக் ‘காமிராப் பித்தன்’ என்ற புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் அந்த மனிதரும், கண்பார்வை நன்றாக இருந்து இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

நான் எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பதும், சரியாக இருந்தால் முத்திரை வைப்பதும், குறைந்தால் கடைக்காரர் கெஞ்சக் கெஞ்சத் தூக்கிக்கொண்டு வருவதும் என் வேலை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே காலம் தள்ளியவன். ஆகவே இதைப் பொழுது போகாத கிழவனின் புலம்பல் என்று நினைத்து மூலையில் போட்டுவிட வேண்டாம்.

‘மின்கலம் கேட்காத காமிரா’ என்று தங்கள் இதழில் ஒரு தொடர் வருகிறதல்லவா, அதுதான் என் குடும்பத்தில் மண்ணை அள்ளிப் போட்டது. ஃபிலிம் போட்டு எடுக்கும் பழைய காலத்து காமிரா, எல்லாமே பல்சக்கரமும் சுருள்வில்லும்தான், ஐம்பது வருடம் ஆனாலும் ஏமாற்றாது என்று முதல் பாடத்தில் உங்கள் பித்தர் எழுதியிருந்தார். பல்சக்கரம் என்றால் எனக்கு நம்பிக்கை. பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து ஒன்றை வாங்கி வந்தேன். வந்ததும் நிறுத்தேன். ‘ஏறக்குறைய அறுநூறு கிராம்’ என்று எழுதியிருந்தீர்கள். லென்சோடு எண்ணூற்று எழுபத்து நாலு இருந்தது. லென்ஸ் இல்லாமல் யார் ஐயா படம் எடுப்பார்கள்? அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். மின்கலம் கேட்காது என்றதும் முழுப் பொய். வெளிச்சம் காட்டும் முள்ளுக்குச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மின்கலம் வேண்டுமாம். அது இல்லாவிட்டாலும் படம் விழும், முள் மட்டும் அசையாது என்று மூன்றாம் பாடத்தில் மெதுவாக விஷயத்தை அவிழ்க்கிறார். முள் இல்லாத தராசை நான் எந்தக் கடையிலும் விட்டதில்லை. ஆகவே அந்தப் பொத்தான் மின்கலத்துக்காக நாலு நாள் அலைந்தேன்.

இந்த வயதில் உனக்கு எதற்கு காமிரா என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆணிக் கடைக்குச் சோதனைக்குப் போனேன். தராசு ஒரு கிலோவுக்கு எட்டு கிராம் குறைவாக நிறுத்தது. கடைக்காரன் இளவயதுக்காரன், அப்பா காலத்துத் தராசு சார் என்றான். பறிமுதல் எழுதலாம் என்று பையைத் திறந்தால் என் மூக்குக்கண்ணாடி இல்லை. வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறேன். போன் போட்டேன், மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அந்தக் கடையிலிருந்து தராசை நான் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆறு மாதத்தில் என் வீட்டிலிருந்து பெண்ணை அவன் அழைத்துக்கொண்டு போனான். முத்திரை வைக்கிற என் கையால் ஒரு கள்ளத் தராசுக்காரனுக்குப் பெண்ணைப் பிடித்துக் கொடுக்க முடியாது என்று நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சுவரில் இருந்த மகளின் படங்களைக் கழற்றினேன். ஆல்பத்தையும் எடுத்தேன். பிறந்ததிலிருந்து கல்லூரி வரை இருந்த அத்தனை படங்களையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள், தடுக்கவில்லை. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் பேரை நான் சொன்னது கிடையாது. எட்டு கிராம் என்றுதான் சொல்வேன். ‘எட்டு கிராமுக்குப் பிள்ளை பிறந்திருக்காம்’ என்று மனைவி ஒருநாள் சொன்னபோதுகூட நான் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. இதெல்லாம் பத்திரிகைக்கு எழுதுகிற சங்கதியா என்றால் இல்லைதான். ஆனால் எழுத ஆரம்பித்த கை நிற்க மாட்டேன் என்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்தால் எதிரே அந்தச் சுவர். படம் இருந்த இடங்கள் மட்டும் வெள்ளையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். வெள்ளை அடித்துப் பார்த்தேன், அப்படியும் எனக்குத் தெரிந்தது. கடைசியில் மனைவியை விட்டு மகளிடம் பேசச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், சாயங்காலமே கிளம்பிவிடுவோம் என்று பதில் வந்தது. சுவருக்கு ஒரே ஒரு படம், அதுவும் நான் கொளுத்தியதால் நானே எடுத்த படமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் தொடர் வந்து வலை விரித்தது.

ஒரு மாதம் மனைவியை உட்கார வைத்துப் பழகினேன். அந்த காமிராவில் கண்ணை வைத்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். தூரம் சரியாக இல்லாவிட்டால் அதற்குள் முகம் இரண்டாகப் பிளந்து நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒட்டிக்கொள்ளும். “என்ன இவ்வளவு நேரம் பார்க்குறீங்க?” என்றாள். “மூக்கு சேர மாட்டேங்குது” என்றேன். “முப்பத்தெட்டு வருஷமா இப்படித்தான் இருக்கு, இப்பதான் கண்ணுல பட்டுச்சாக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பழகும்போது ஃபிலிம் போடவில்லை. வீணாக்கக் கூடாதல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உங்கள் இரண்டாம் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் முறையாக ஃபிலிமைப் போட்டேன். நாக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும் முனையை எதிர்ப்பக்கத்து உருளையின் பிளவில் செருகி, மூடியை அடைத்து, ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தேன். வெண்ணெய்போல வந்தது. ‘லீவர் இலகுவாக வந்தால் காமிரா நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள்’ என்று உங்கள் பித்தர் எழுதிய வரியை நான் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். சாட்சிக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன்.

வந்தார்கள். மகள் இளைத்திருந்தாள். பேத்திக்கு ஐந்து வயது. என்னை முன்னே பின்னே பார்த்ததில்லை. எட்டு கிராம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, காமிராவைத் தூக்கிவிட்டேன். அது எவ்வளவு வசதி தெரியுமா? முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் முள் நடுவில் வந்து நிற்கும்வரை நான் பொத்தானை அழுத்த மாட்டேன். திரை திறந்து மூடும் வேகத்தைக் குறைத்தால் முள் மேலே போகும். லென்சின் வாயைச் சுருக்கினால் கீழே வரும். முள் நின்ற நேரத்தில் பேத்தி நிற்க மாட்டாள். “அசையாதே” என்று நான் அதட்ட, “தாத்தா போட்டோ எடுக்கிறாங்களா, ஊசி போடப் போறாங்களா?” என்று அவள் அம்மாவைக் கேட்டாள். மகள் சிரித்துவிட்டாள். ஏழு வருடம் கழித்து அவள் என் வீட்டில் சிரித்தாள். சட்டென்று அழுத்தினேன். அழுத்தினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கிற கண்ணாடி ‘டக்’கென்று மேலே தூக்கிக்கொள்ளும், ஒரு கணம் எல்லாம் இருட்டாகிவிடும். எந்தக் கணத்தை எடுக்கிறோமோ அந்தக் கணத்தை எடுக்கிறவன் மட்டும் பார்க்க முடியாது. அறையில் இருந்த எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பார்த்தார்கள். போகட்டும், ஃபிலிமில்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் எட்டு கிராம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, “மாமா, இதுலயும் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார். “ஒரு வீட்டுக்கு ஒரு காமிரா போதும்” என்றேன். போனை உள்ளே வைத்துக்கொண்டார். இப்போது நினைத்தால் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். காமிராவின் முன்பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் பத்து வினாடி கிர்ரென்று ஓடி, தானே படம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் எடுப்பவனும் ஓடிப்போய் நின்றுகொள்ளலாம். மேசைமேல் ஸ்டூலை வைத்து, அதன்மேல் காமிராவை வைத்துத் திருப்பிவிட்டு ஓடினேன். முழங்கால் வலியோடு போய்ச் சேர்ந்தால், காலியாக இருந்த ஒரே இடம் எட்டு கிராமுக்குப் பக்கத்தில். நின்றேன். காமிரா கிர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் காமிராவைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மாமா, அந்தத் தராசு திரும்பி வந்தும் வைக்கல, அந்த வருஷமே புதுசு மாத்திட்டேன்” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயைத் திறக்கவில்லை. ‘உதடு அசைந்தால் படம் கலங்கும்’ என்று உங்கள் ஐந்தாம் பாடம் சொல்கிறது! டக்கென்றது. பேத்தி குதித்து இறங்கினாள், நேரமாகிறது என்றாள் மகள், ஆளாளுக்குப் பையை எடுத்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை. அதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. படம் கலங்கக் கூடாது என்று அதை முழுங்கினேன்.

அதற்குப் பிறகும் வாசலில் வைத்து, படியில் வைத்து, தெருமுனை வரை போய் எடுத்துத் தள்ளினேன். முப்பத்தாறுதான் விழும் என்று டப்பாவில் போட்டிருந்தது. லீவரோ முப்பத்தேழுக்கும் வந்தது, முப்பத்தெட்டுக்கும் வந்தது. ‘சில சமயம் ஒன்றிரண்டு கூடுதலாகவும் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தீர்கள். எடை கூடுதலாக நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே எடை ஆய்வாளர் நானாகத்தான் இருப்பேன். நாற்பத்திரண்டில்தான் ஏதோ தப்பு என்று நிறுத்தினேன்.

மறுநாள் ஸ்டுடியோக்காரர் இருட்டறைக்குள் கொண்டுபோய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். “சார், நீங்க ஒண்ணுமே எடுக்கலையே!”

“நாற்பத்திரண்டு எடுத்தேன்.”

“ஃபிலிம் நகரவே இல்ல சார். நாக்கு உருளையில மாட்டல. நீங்க அழுத்தினது எல்லாம் ஏற்கெனவே வெளிச்சம் பட்ட அந்த முதல் துண்டு மேலயே விழுந்திருக்கு. மத்தது அப்படியே புதுசா இருக்கு, திரும்பவும் போட்டுக்கலாம். நஷ்டமே இல்ல சார்.”

நஷ்டமே இல்லையாம்.

அவர் எனக்குக் காட்டினார். இந்தப் பக்கம் லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்துக் குமிழ் தானே சுற்ற வேண்டுமாம். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை என்று அர்த்தமாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். இதை ஏன் ஐயா நீங்கள் எழுதவில்லை என்று கொதித்துப்போய் வீட்டுக்கு வந்து, பாடங்களை வெட்டி ஒட்டி வைத்திருந்த நோட்டை எடுத்துக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மனைவிக்கு என்ன தோன்றியதோ, நோட்டை வாங்கி, இரண்டாம் பாடத்தின் ஓரத்தை ஈரத் துணியால் நனைத்து மெல்ல உரித்தாள். பின்பக்கத்தில் ஒரு கட்டம். அதற்குள் தடித்த எழுத்தில் ‘முக்கியம்! குமிழ் சுற்றுகிறதா பாருங்கள்’ என்று இருந்தது. பாடத்தை வெட்டி, பசை தடவி, எச்சரிக்கையை நோட்டோடு சேர்த்து ஒட்டியது நான்தான் என்கிறாள் மனைவி. முக்கியம் என்று தெரிந்தும் அதைப் பின்பக்கத்தில் போட்டது யார் என்று நான் கேட்கிறேன். என்னைப்போல ஒழுங்காக வெட்டி ஒட்டி வைக்கிற வாசகனுக்குத்தானா இந்தத் தண்டனை?

ஆகவே நான் கோருவது இதுதான். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அடுத்த இதழில் வெளியிட வேண்டும். முன்பக்கத்தில் போட வேண்டும். காமிராப் பித்தன் தம் சொந்தப் பெயரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். தொடரை உடனே நிறுத்த வேண்டும். பழைய காமிரா ஏமாற்றாது என்று இனி யாரும் உங்கள் இதழில் எழுதக் கூடாது.

தங்கள் இதழ் மேலும் பல ஆண்டுகள் வர வேண்டும், எல்லாப் பக்கமும் முன்பக்கமாக வர வேண்டும் என்று வாழ்த்தி, தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)

பி.கு.: மேலே உள்ள எதையும் தயவுசெய்து அச்சில் ஏற்ற வேண்டாம். உறையை ஒட்டப்போன நேரத்தில் மகள் போன் செய்தாள். என்னிடம்தான் பேச வேண்டும் என்றாளாம். “அப்பா, போட்டோ வந்துச்சா?” என்றாள். வந்தது என்றேன். “எப்படி இருக்கு?” “எல்லாமே நல்லா விழுந்திருக்கு.” முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு எடையை நான் சொன்னதில்லை. “தபால்ல அனுப்புங்கப்பா, எல்லாரும் சேர்ந்து நிக்கிறதைக் கடையில மாட்டணும்னு அவரு சொல்றாரு” என்றாள். தபாலில் எல்லாம் அனுப்ப முடியாது, நேரில் வந்து பார்த்துக்கொள் என்றேன். பக்கத்தில் அவரிடம் ஏதோ கேட்டாள். பிறகு, “சரிப்பா, அடுத்த மாசம் கடைசி ஞாயிறு வரோம், ராத்திரி தங்கிட்டுப் போறோம்” என்றாள். கல்லாவில் உட்கார்ந்து அவள் வாசிப்பது உங்கள் இதழைத்தானாம். ஆகவே என் பேச்சு அதில் எங்கேயும் வரக் கூடாது. தொடர் தொடர்ந்து வரட்டும். போனை வைக்கும்போது இன்னொன்றும் சொன்னாள்: பேத்திக்கு நேற்று முன்பல் விழுந்துவிட்டதாம். இனி எப்படி எடுத்தாலும் அது அன்றைக்கு எடுத்த படம் இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். மகளிடம் எந்த வாயால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காமிராப் பித்தன் அவர்களுக்குப் பெண்பிள்ளைகள் இருந்தால், கேட்டு உடனே எழுதவும்.