நூற்று அறுபது டிகிரி மான் கறி

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. மான் கறியைக் காயவைக்க வேண்டும்.

டெக்சஸில் காப்பெல் என்ற ஊரில் நானும் ஸ்ரீதரும் ஒரு அபார்ட்மெண்டில் இருந்த காலம் அது. தொண்ணூறுகளின் கடைசி. உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் இரண்டாயிரமாவது வருஷத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தன. நான் அதற்கு முன்பிருந்தே எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஏதாவது தப்பு செய்தால் அடுத்த பிளேனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

கறியைக் கொடுத்தவர் வேய்ன், என் மேனேஜர். குளிர்காலம் நெருங்கினால் அவர் உடம்பு மட்டும்தான் ஆபீசில் இருக்கும். மனசு துப்பாக்கியோடு காட்டில் இருக்கும். ஒரு நாள் லஞ்சில் ஜெர்க்கி என்று காய்ந்த மான் கறித் துண்டு ஒன்றை நீட்டினார். மென்று பார்த்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க ஊர்லயும் இது உண்டு வேய்ன். உப்புக்கண்டம்னு பேரு. எங்கம்மா ஆட்டுக்கறியில பண்ணுவாங்க. இதைவிட காரமா இருக்கும்" என்றேன்.

மறுநாள் காலை என் மேஜைமேல் வெள்ளைப் பேப்பரில் சுற்றி, கல் மாதிரி உறைந்த ஒரு பொட்டலம் இருந்தது.

"உங்கம்மா ஸ்டைல்ல பண்ணு. ஞாயித்துக்கிழமை வேட்டைக்குப் போறேன். போற வழியில வந்து வாங்கிக்கறேன்" என்றார் வேய்ன்.

சிக்கல் என்னவென்றால், என் கிரீன் கார்டு பேப்பர்களில் வேய்ன் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை போடுவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என் கையால் செய்த கறியைத் தின்னப் போகிறவர், திங்கட்கிழமை பேனா பிடிக்கிற நிலையில் இருந்தாக வேண்டும்.

ஆபீஸ் இன்டர்நெட்டில் தேடி, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கட்டு பேப்பர் பிரிண்ட் எடுத்தேன். வீட்டில் ஜெர்க்கியைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி? பாதி உறைந்திருக்கும்போதே மெல்லிசாக அறுக்க வேண்டும். மசாலா தடவி ஃப்ரிட்ஜில் ஊறவைக்க வேண்டும். காயவைப்பதற்கு முன்னால் நூற்று அறுபது டிகிரி பாரன்ஹீட் வரை சூடாக்க வேண்டும், அப்போதுதான் கிருமி சாகும். பிறகு நூற்று நாற்பதில், காற்றோட்டமாகக் காயவைக்க வேண்டும்.

மசாலாவுக்காக காலிங் கார்டு போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"உப்பு, மஞ்சள், மொளகாத்தூள் போட்டுப் பெசறி, கயித்துல கோத்து வெயில்ல தொங்க உடு. காக்கா வராம பாத்துக்க. அவ்வளவுதான்."

"எத்தனை டிகிரியிலம்மா?"

"என்னது?"

"சூடு எவ்வளவு இருக்கணும்?"

"வெயிலு எவ்வளவு அடிக்குதோ அவ்வளவு. நீ காலேஜுக்குப் போகாம இருந்திருந்தா இந்நேரம் கறி காஞ்சிருக்கும் கண்ணு."

வெள்ளிக்கிழமையே அறுத்து ஊறவைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை, பாதிக் கறியை இட்லிக் குக்கரில் அடுக்கினேன். ஆவியில் சூடாக்கலாம் என்று பேப்பரில் இருந்தது. ஆவிக்கு நமக்குத் தெரிந்த ஒரே கருவி அதுதானே. ஒவ்வொரு குழியிலும் ஒரு மான் துண்டு சுருண்டு படுத்துக்கொண்டது.

ஸ்ரீதர் கும்பகோணத்துக்காரன். முட்டை போட்ட கேக்கையே முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பவன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான்.

"அந்தக் குக்கர்ல இனிமே எனக்கு இட்லி வேண்டாம்."

"நல்லா தேய்ச்சுக் கழுவிடுவேன்டா."

"கழுவினா மறந்துடுமா? ஒவ்வொரு இட்லியிலயும் எனக்குக் கொம்பு தெரியும்."

நூற்று அறுபது வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். என்னிடம் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது, ஜுரம் வந்தால் பார்த்துக்கொள்ள வாங்கிய பாதரச தெர்மாமீட்டர். டெட்டால் போட்டுத் துடைத்தேன். ஜாக்கிரதையாக உதறி, பாதரசத்தைக் கீழே இறக்கினேன். ஆவி பறக்கிற கறிக்குள் செருகினேன்.

டிக் என்று ஒரு சத்தம். குழியிலிருந்து வெள்ளி மணிகள் உருண்டு அடுத்த குழிக்குப் போயின.

"அது காய்ச்சல் பாக்கறதுடா. நூத்தி எட்டோட நின்னுடும். மானுக்கு நூத்தி அறுபது ஜுரம்னா அது என்ன பண்ணும், பாவம்" என்றான் ஸ்ரீதர்.

"கறியைக் கழுவிட்டா?"

"பேஷா. பாதரசம் சாப்பிட்டா கிருமி செத்துடும். வேய்னும்தான்."

ஜன்னல்களைத் திறந்தோம். அடுப்பு மேடையில் ஓடிய மணிகளை ஒரு தடித்த அட்டையால் தள்ளித் தள்ளி ஜாம் பாட்டிலில் பிடித்தான் ஸ்ரீதர். கறி, தட்டு, குக்கர் எல்லாவற்றையும் கட்டி ஓரமாக வைத்தேன். பாதுகாப்புக்காக நான் செய்த முதல் காரியத்திலேயே சமையலறைக்குள் விஷம் வந்துவிட்டது. ஸ்ரீதர் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி. புதுக் குக்கர் வாங்கியாக வேண்டும்.

ஃப்ரிட்ஜில் மீதிக் கறி இருந்தது. கடைக்குப் போய், குத்திப் பார்க்கிற முள் வைத்த நிஜமான கறி தெர்மாமீட்டர் வாங்கி வந்தேன். இந்த முறை குக்கர் இல்லை, அடுப்புக்குக் கீழே இருந்த ஓவன். முள் நூற்று அறுபதைத் தொட்டது. முள் பொய் சொன்னால்? நூற்று எழுபது வரை விட்டேன். வேய்ன் கையில் பேனா இருப்பது போல நினைத்துக்கொண்டு நூற்று எண்பது வரை விட்டேன்.

பிறகு காயவைத்தல். ஓவனை எவ்வளவு குறைத்தாலும் நூற்று நாற்பதுக்கு இறங்கவில்லை. பேப்பர் சொன்னபடி ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்து, ஒரு மரக்கரண்டியை முட்டுக் கொடுத்து, எதிரே டேபிள் ஃபேனை வைத்தேன். அபார்ட்மெண்ட் முழுக்க மிளகாய்த்தூள் காற்று. ஸ்ரீதர் தும்மிக்கொண்டே துணிமணியைத் தூக்கிக்கொண்டு லாண்டரிக்குப் போய்விட்டான்.

பதம் பார்க்க ஒரு வழி எழுதியிருந்தது. துண்டை வளைத்தால் விரிசல் விட வேண்டும், ஒடியக் கூடாது. வளைத்தேன். விரிசல் இல்லை. மறுபடி உள்ளே. வளைத்தேன். அழகான விரிசல். அங்கே நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

விரிசலுக்குள் ஈரம் இருந்தால்? மறுபடி உள்ளே வைத்தேன்.

சாயங்காலம் ஒரு துண்டு சுள்ளி மாதிரி ஒடிந்தது. ஒடியக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் இதற்குள் எந்தக் கிருமி குடித்தனம் நடத்தும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

லாண்டரியிலிருந்து வந்த ஸ்ரீதர், பேப்பர் டவலால் ஒரு துண்டைப் பிடித்து மேஜையில் தட்டிப் பார்த்தான். டக், டக்.

"கரண்டிக்குப் பதிலா இதையே முட்டுக் குடுத்திருக்கலாம்."

"நல்லா காஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"தேக்கு கூட இவ்வளவு காயாதுடா."

நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன், சோதனைக்காக. கடிபடவில்லை. படுக்கப் போகும் வரை கன்னத்தில் ஒதுக்கிச் சப்பினேன். உப்பு, காரம் எல்லாம் சரியாக இருந்தது. வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஞாயிறு காலை வேய்ன் வந்து, பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது.

"டாக்டரைப் பாக்கப் போயிருக்காராம்" என்றாள் பக்கத்து க்யூபிக்கிள் பெண்.

பெரிய சூட்கேசின் பூட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். பிறகு அவர் வீட்டுக்கு போன் பண்ணினேன். மனைவி டெப்பி எடுத்தார்.

"வேய்னுக்கு என்ன ஆச்சு? வயிறா?" என்றேன்.

"வயிறா? அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பல்லு. எதையோ கடிச்சு, கடைவாய்ப் பல்லு பாதி ஒடஞ்சிடுச்சு."

"அப்பாடா, கடவுளே, ரொம்பத் தேங்க்ஸ்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அதுவும் நல்ல இங்கிலீஷில்.

டெப்பி போனை வைத்துவிட்டார்.

மதியம் வேய்ன் வந்தார். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. எழுந்து நின்று, எத்தனை டிகிரி வரை விட்டேன், எத்தனை தடவை மறுபடி உள்ளே வைத்தேன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாதரசம் உட்பட. அது வேறு பாதி என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மரத்துப்போன வாயால் அவர் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொல்ல அவருக்கும் தெம்பில்லை. என் வாயை நிறுத்த வேறு வழி இல்லை என்பது போலக் கையை நீட்டி, பேப்பர்களை வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் அம்மாவுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன்.

"பல்லு ஒடஞ்சிருச்சா? உப்புக்கண்டத்த அப்படியேவா கடிச்சாரு? தட்டி, எண்ணெயில வறுத்துத்தான கண்ணு திங்கோணும்?"

"ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ டிகிரிதான கேட்ட" என்றாள் அம்மா.