கருத்துள்ள கணவரும் பூட்டாத கதவும்

இரவு எட்டரை மணி. கொல்லைப்புறத்தில் "மளுக்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி "மளுக்". அதன் பின்னாலேயே, சுடுசோற்றை ஊதி ஊதித் தின்பதுபோல ஒரு மூச்சு.

குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முட்டியாலேயே தவழ்ந்து கணவரிடம் போனேன். எங்கள் நகிக்கு ஏழு மாதம். அவள் இன்னும் தவழவில்லை. நான் ஆரம்பித்துவிட்டேன்.

"என்னங்க, கேட்டுச்சா?"

"ம்?"

"பின்னாடி மரத்துல ஏதோ ஏறுது."

"பழம் விழுது."

"பழம் மூச்சு விடுமா?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அரிசி விலை ஏன் இரண்டு மடங்கு ஆனது என்று பத்திரிகைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அரிசி வாங்கப் போகிறவள் நான்.

"முன்கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்களேன், புண்ணியமாப் போகும்."

"சாத்தித்தானே இருக்கு?"

"சாத்தியிருக்கு. பூட்டலை."

பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவை வைத்தால் வாயால் கருத்து வரப்போகிறது என்று அர்த்தம். "சயோரி, பூட்டுங்கிறது பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன்னு சொல்ற மாதிரி."

"பக்கத்து வீட்டுக்காரர் எட்டரை மணிக்கு நம்ம மரத்துல ஏற மாட்டாருங்க."

காலையில் போய்ப் பார்த்தேன். பனிச்சை மரத்தில் இரண்டு கிளை முறிந்து தொங்கியது. கை நிறைய வரும் அந்த ஆரஞ்சு நிறப் பழங்கள் பாதி காணோம். மரத்தடியில், விதையும் தோலுமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சாணம். அதைப் பார்த்தும் அவர் சொன்னார்: "பழம்தான். கொஞ்சம் அழுகிடுச்சு."

என் கணவர் ரியோஹெய் தோக்கியோக்காரர். எல்லோரும் தலைநகரிலேயே அடைந்து கிடப்பதுதான் நாட்டின் நோய் என்று ஒரு கருத்து வந்தது அவருக்கு. கருத்து வந்த மூன்றாவது மாதம் நாங்கள் அகிதா மலையடிவாரத்தில் இந்தப் பழைய வீட்டில் இருந்தோம். கணினியில் செய்யும் வேலை, எங்கிருந்தும் செய்யலாம். பிறப்பு விகிதம் குறைகிறதே என்று அடுத்த கருத்து வந்தது. நகி பிறந்தாள். அப்பாக்களும் பேறுகால விடுப்பு எடுக்க வேண்டும் என்று அதற்கடுத்த கருத்து. எடுத்தார். நான்கு வாரம் வீட்டிலிருந்து, அப்பாக்கள் விடுப்பு எடுப்பதன் அவசியம் பற்றி நாலு கடிதம் எழுதினார். நான் ஒரு கையால் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டு மறு கையால் தபால்தலை ஒட்டினேன்.

கரடியைப் பற்றியும் கருத்து இருந்தது. இல்லாமலா? "காட்டை நாம் எடுத்துக்கொண்டோம், கரடி எங்கே போகும்?" என்று எழுதிய கடிதம் அச்சில் வந்தது. தலைப்பு: "பூட்டாத கதவு". மலை ஊர்களின் அழகே கதவைப் பூட்டாத நம்பிக்கைதான், கரடிக்குப் பயந்து அதை இழந்துவிடக் கூடாது என்று முடித்திருந்தார். வெட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இந்தக் கருத்து கிடையாது. அவர்கள் வீடுகளில் பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது, அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சாவி திரும்பாது. ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லி நான் ஒரு மாதமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அது இழுகதவு வேறு. மேற்குத் தெருவில் ஒரு களஞ்சியத்தின் இழுகதவைக் கரடி ஒரு கையால் தள்ளித் திறந்து, தவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. தள்ளினால் திறக்கும் என்பது அதற்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கதவைக் கடந்து ஆறு அடியில் நகியின் படுக்கை. இரவெல்லாம் அந்த ஆறு அடியை அளந்துகொண்டே படுத்திருப்பேன்.

நான் கன்னியர் பள்ளியில் படித்தவள். பாதி உண்மை முழுப் பொய் என்று சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் நான் பொய் சொல்லவில்லை. அறிவிப்பு எழுதினேன்.

எங்கள் பகுதியில் எங்களைத் தவிர பதினாலு வீடு. ஆண்டுக்கு ஒரு வீடு தலைமை. இந்த ஆண்டு எங்கள் முறை, ஆகவே தலைவர் என் கணவர். தலைவர் வேலை என்னுடையது. அட்டையில் அறிவிப்பைச் செருகி முதல் வீட்டுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு வீடாகப் படித்து, கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக்குப் போய், சுற்றி எங்களிடமே திரும்பி வரும். குப்பை நாள், கோயில் திருவிழா, இறந்தவர் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது, எல்லாம் அந்த அட்டையில்தான். எழுதுவது நான், குத்துவது அவருடைய முத்திரை. மேசை இழுப்பறையில் இருக்கும். இதுவரை அவர் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்று என் மிக நல்ல கையெழுத்தில் எழுதினேன்: "கரடி நடமாட்டம் காரணமாக, வரும் ஞாயிறன்று எல்லா வீட்டுப் பனிச்சை மரங்களிலும் ஒரு பழம் விடாமல் பறித்துவிட வேண்டுகிறேன். இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவும். முதலில் என் வீட்டில் தொடங்குகிறேன். தலைவர், ரியோஹெய் ஹதகேயாமா." சிவப்பு மையில் முத்திரை. அவசரத்தில் கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. சிலுவை போட்டுக்கொண்டு முதல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு குதோ அக்கா வந்தார். வருவதென்றால், கதவை இழுத்து, பாதி உடம்பை உள்ளே விட்டு, "இருக்கீங்களா?" என்று கேட்பது. கேட்கும்போதே முள்ளங்கி உள்ளே வந்துவிடும்.

"தம்பி! எங்க தம்பி? அடேயப்பா, பெரிய மனசு!"

என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க?"

"பேப்பர்ல அப்படி எழுதிட்டு, இப்ப ஊருக்காக இப்படி இறங்கி வந்தீங்களே! எங்க வீட்டுக்காரர் சொல்றார், தோக்கியோக்காரன் தப்பை ஒத்துக்கிட்டு இப்பத்தான் பார்க்கறேன்னு."

"எந்தத் தப்பு?"

"தன்னடக்கம் பாரு!" என்று அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு அக்கா போய்விட்டார்.

அவர் படித்தார். பதினாலு முத்திரையையும் எண்ணினார். மெதுவாக என்னைப் பார்த்தார்.

"இதை நான் எழுதினேனா?"

"உங்க முத்திரை."

"எப்ப?"

"அரிசி விலை எழுதிட்டிருந்தீங்களே, அப்ப."

"சயோரி, இது எவ்வளவு பெரிய…" வார்த்தை கிடைக்கவில்லை. அவருக்கு வார்த்தை கிடைக்காமல் நான் பார்த்தது அன்றுதான்.

"வேணாம்னா திரும்ப வாங்கிடலாம்," என்றேன், குழந்தையின் சாக்ஸை மடித்தபடி. "தப்பா போட்டுட்டோம்னு இன்னொரு அட்டை விடணும். பதினாலு வீட்டுக்கும் இனிப்புப் பெட்டி எடுத்துக்கிட்டு நேர்ல போகணும். வாசல்ல நின்னு குனியணும். நீங்கதான் போகணும், தலைவர் நீங்கதானே. கறுப்புக் கோட்டை இஸ்திரி போடட்டுமா?"

அட்டையை எடுத்து முத்திரைகளை மறுபடி எண்ணினார். அந்த முத்திரைகளுக்கு 'படித்தேன்' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. பதினாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. சிஸ்டர்கள் மன்னிக்கட்டும்.

"ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்றார்.

ஞாயிறு திருவிழாபோல இருந்தது. ஏணி, கொக்கிக் கழி, கூடை, கூச்சல். "இன்னும் மேல, இன்னும் மேல, கரடி ஏறுச்சே, தலைவரால ஏற முடியாதா?" என்று குதோ அக்கா கீழேயிருந்து கத்தினார். என் கணவர் உச்சிக்கிளையில் தொங்கிக்கொண்டு, கிராமங்களில் கூட்டுழைப்பு அழிந்துவருவது பற்றி ஒரு கருத்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்துடன் நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

தாழ்ப்பாளை மட்டும் "அடுத்த வாரம்" என்றார். ஆனால் அடுத்த வாரத்துக்குள் ஊர் அவரைத் தேடி வர ஆரம்பித்துவிட்டது. அறிவிப்பில் பெயர் இருக்கிறதே! கரடி விஷயம் என்றால் தலைவரிடம் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

"தலைவரே, எங்க கொட்டகைச் சுவர்ல நகம் பட்டிருக்கு. வந்து பாருங்க, உங்க தலைக்கு மேல ஒரு முழம்."

"தலைவரே, ஆத்தோரமா தாயும் ரெண்டு குட்டியும்."

"தலைவரே, என் மச்சான் முகத்தைப் பார்த்தீங்களா? போன வருஷம் காளான் பறிக்கப் போனப்ப. வெட்கப்படாம பாருங்க."

பார்த்தார். அன்று சாப்பிடவில்லை. ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, பார்த்த இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்த வரைபடம் கொடுத்தார். கூடத்தில் மாட்ட இடம் வேண்டுமென்று என் கணவர் "பூட்டாத கதவு" கடிதத்தைக் கழற்றினார். நான் சொல்லவேயில்லை.

இருபத்தைந்து கடிதம் எழுதிய மனிதரிடம் அதுவரை கருத்து மட்டும்தான் இருந்தது. இப்போது செய்தி வந்து சேர்ந்தது. பாவம், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை. பேனாவைத் திறக்கவில்லை. இரவில் நான் ஆறு அடியை அளப்பதை நிறுத்தினேன். பக்கத்தில் அவர் அளந்துகொண்டிருந்தார்.

"சயோரி, கேட்டுச்சா?"

"குளிர்சாதனப் பெட்டிங்க."

"அதுக்கு முன்னாடி."

"அதுவும் அதுதான். தூங்குங்க."

வேடிக்கையாக இருந்தது, முதல் இரண்டு நாள். அப்புறம் இல்லை. நான் கட்டிக்கொண்டது ஒன்றும் தெரியாததால் பயப்படாத ஒரு மனிதரை. பயப்படாமல் இருப்பது என்னால் முடியாது, எனக்கும் சேர்த்து அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய அசட்டுத் தைரியத்தின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் பயந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது சாய ஆள் இல்லை.

ஊரும் மாறியது. குதோ அக்கா கதவை இழுப்பதில்லை. முள்ளங்கி ஒரு பையில் வாசற்கொக்கியில் தொங்கும், அக்கா இருக்க மாட்டார். ஒருநாள் வழியில் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்னக்கா, உள்ள வரதேயில்ல?"

"நீங்கதானே பூட்டச் சொன்னீங்க, தங்கச்சி. பூட்டின வீட்டை எப்படி இழுக்கறது?"

"எங்க வீடு இன்னும் பூட்டலையேக்கா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. என் கணவர் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். ஒன்று கேட்டேன், இரண்டு வாங்கி வந்திருந்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று. பகலெல்லாம் துளை போட்டார். நான் ஒரு மாதம் கெஞ்சியது என் கண்ணெதிரே மரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏனோ தேநீர் போட்டுக் கொடுக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் சுற்று அட்டை கிளம்ப வேண்டிய நாள். இந்த முறை நானே ஒரு வரி சேர்த்திருந்தேன்: தலைவர் வீட்டில் பகல் நேரத்தில் கதவு திறந்தேயிருக்கும், உள்ளே வரலாம். "இந்தத் தடவை அக்கா வீட்டுலருந்து சுத்தட்டும், குடுத்துட்டு வந்துடறேன்," என்று சொன்னேன். அவர் கீழ்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தபடி, காதில் வாங்காமல், "ம்?" என்றார். முப்பது அடி தூரம். அக்கா வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. அட்டையைக் கொக்கியில் மாட்டினேன்.

திரும்பிய அதே நேரம் ஊர் அறிவிப்புக் கம்பத்து ஒலிபெருக்கி உறுமியது. "கரடி… ஆற்றங்கரைப் பகுதியில்… கரடி… யாரும் வெளியே… வர வேண்டாம்…" ஒவ்வொரு சொல்லும் மலையில் மோதித் திரும்பியது. ஆற்றங்கரை எங்கள் பின்வாசல்.

ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் போனது. கதவை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் அறைந்தேன். "திறங்க!" என்றுதான் சொன்னேன். ஓடி வந்த மூச்சிரைப்பில் வெளியே வந்தது எனக்கே மனிதக் குரலாகத் தெரியவில்லை. மறுபடி அறைந்தேன். மறுபடி உறுமினேன்.

ஒலிபெருக்கி மூச்சு வாங்கிய இடைவெளியில் உள்ளே என் கணவரின் குரல் கேட்டது. நகியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு மென்மையாக, அவ்வளவு நடுங்கி, அவர் எதற்கும் பேசி நான் கேட்டதில்லை.

"பயப்படாதடா தங்கம். அப்பா இருக்கேன்."

மேல் தாழ்ப்பாளும் விழுந்தது.