எட்டு மணி மாஸ்டரின் மாத்திரை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் காலை எட்டு மணி என்பது கடிகாரத்தைப் பார்த்து வந்ததே இல்லை. எட்டு மணி மாஸ்டர் மாத்திரை போட்டால்தான் வரும். பேட்டைச் சங்கு என்றைக்கோ தொண்டை கட்டிப்போய் ஊதுவதை நிறுத்திவிட்டிருந்தது. அந்த உத்தியோகத்தை யாரும் கேட்காமலே இவர் ஏற்றுக்கொண்டிருந்தார்.

செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய செல்போன் சரியாக எட்டுக்கு அலறும். உடனே டீக்கடை வாசலில் நடுநாயகமாக நின்று, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, வாயில் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று கவிழ்த்துக்கொண்டு, பேட்டையின் கடைசி ஷெட் வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவிப்பார்.

"போட்டாச்சு!"

அந்தக் குரல் கேட்டதும் மங்கலம்பேட்டையிலிருந்து வந்து கடை போட்டிருந்த டீக்கடை பாய் இரண்டாவது பாலை அடுப்பில் ஏற்றுவார். பெண்கள் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைவார்கள். எங்கள் மேனேஜர் தன் கைக்கடிகாரத்தை இரண்டு நிமிடம் திருத்திக்கொள்வார்.

எனக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. மின்சார மீட்டர் பக்கத்தில் மாட்டுகிற பீங்கான் பீஸ் கட்டை செய்கிற கம்பெனி. இருந்த ஒரே கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எனக்குக் கம்ப்யூட்டரம்மா என்று பெயர். மாஸ்டர் எங்கள் சூளைக்குப் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவரிடம் கேட்டேன்.

"என்னா மாத்திரைங்க மாஸ்டர், சுகருக்கா?"

"இல்லம்மா, மண்டைக்கு. உள்ள சூடு ஒரு அளவுல நிக்க மாட்டேங்குது. ஏறினா ஏறிக்கிட்டே போவுது, எறங்கினா எறங்கிக்கிட்டே போவுது. கடலூரு மனநல டாக்டரு குடுத்தது. புடிச்சி நிறுத்துது."

சர்க்கரை மாத்திரையையே சத்து மாத்திரை என்று சொல்லிச் சாப்பிடுகிற ஆட்கள் நிறைந்த ஊர் அது. நான் ஆடிப்போய்விட்டேன். அவரோ மூக்குக் கண்ணாடி வாங்கிய கதையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு வடையைக் கடித்தார்.

நான் வருவதற்கு முன் நடந்ததையும் அவர் வாயாலேயே கேட்டேன். ஒரு வாரம் தூக்கமே இல்லையாம். கம்பெனி மண்ணில் நானூறு பொம்மைகள் செய்துவிட்டாராம். பிள்ளையார், போலீஸ்காரர், பால்காரி எல்லோருக்கும் தன் மூக்கையே வைத்திருந்தாராம். அத்தனையும் ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும் என்று லாரிக்குச் சொல்லி, லாரியும் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் படுத்த பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை, பேசவில்லை. அவர் மனைவி கஸ்தூரி அக்காதான் கையைப் பிடித்து பஸ் ஏற்றிக் கடலூருக்குக் கூட்டிப்போனார். முதலாளி நல்லவர், வேலையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் இன்னொரு தடவை இப்படி ஆனால் சூளைப் பக்கம் விடமாட்டேன், அது நெருப்பு என்றும் சொல்லிவிட்டார். அக்கா அதைவிட அந்த இரண்டு மாதத்துக்குத்தான் பயந்தார்.

அதனால் மாஸ்டர் டாக்டர் சொன்னதைச் சட்டமாக வைத்திருந்தார். இந்த மாத்திரைக்கு உடம்பில் தண்ணீர் குறையக் கூடாது, உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, சில மாதங்களுக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். சூளைப் பக்கம் வேர்த்துக் கொட்டும் வேலை என்பதால் தண்ணீர் விஷயத்தில் இன்னும் கறார். எந்நேரமும் ஒரு கேனோடு அலைவார். தான் குடித்தால் போதாது, எதிரில் இருப்பவரும் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வந்த சுகாதார நர்ஸுக்கே இரண்டு டம்ளர் கொடுத்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.

காலையில் மணிமுத்தாற்றங்கரையில் நடை. இரவு ஒன்பதரைக்குத் தூக்கம். எங்கள் மேனேஜர் மகள் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை மேடைக்கு வருவதற்குள் பரிசைக் கொடுத்துவிட்டு, "சூளைய மூடுற நேரம்" என்று கிளம்பிவிட்டார். மாப்பிள்ளை இல்லாமல் பெண்ணோடு மட்டும் போட்டோ எடுத்துக்கொண்ட ஒரே விருந்தாளி அவர்தான்.

கடலூரில் மாத்திரை டாக்டர் தவிர ஒரு கவுன்சிலிங் அம்மாவும் உண்டு. மாதம் இரண்டு தடவை அவரிடம் போய்ப் பேசிவிட்டு வருவார். மனசு எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதிப் பாருங்கள் என்று அந்த அம்மா சொல்லப்போக, இவர் ஒரு பழைய சூளைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டார். சூளைக்கு மணிக்கு ஒரு தரம் சூடு எழுதுகிற நோட்டு அது. அதே கட்டங்களில் மனசின் சூட்டை ஒன்றிலிருந்து பத்துக்குள் எழுத ஆரம்பித்தார். ஐந்து, ஆறு என்றால் பதம். மூன்றுக்குக் கீழே போனால் அக்காவிடம் சொல்ல வேண்டும். ஏழு என்றால் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார வேண்டும். எட்டைத் தாண்டினால் டாக்டருக்குப் போன்.

இந்த வியாதி எங்களுக்கும் தொற்றியது. பேக்கிங் பெண்கள், "இன்னிக்கி எனக்கு நாலுதான்க்கா, மாமியா வந்திருக்காங்க" என்பார்கள். "மேனேஜரு ஒம்போதுல இருக்காரு, யாரும் போவாதீங்க" என்று பியூன் வந்து எச்சரிப்பார். கம்பெனி நிர்வாகம் அந்த வருடங்களில்தான் ஒழுங்காக நடந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மாஸ்டர் வாழ்க்கையில் சறுக்கியதும் உண்டு. தினம் காலையில் இரண்டாக, வாரத்து மாத்திரைகளைப் பிரித்து வைக்கப் பதினாலு குழி உள்ள ஒரு பீங்கான் தட்டு செய்தார். மாத்திரையையே பச்சை மண்ணில் வைத்து அழுத்தி, கனகச்சிதமாகக் குழி எடுத்தார். சூளையில் வெந்தால் மண் சுருங்கும், அதற்கு இடம் விட்டு அச்சு எடுக்க வேண்டும் என்பது பேட்டையில் கூட்டுகிற ஆயாவுக்கே தெரியும். இடம் விடாதவர்களை மாஸ்டர் காய்ச்சி எடுப்பார். தட்டு வெந்து வந்தது. பளபளவென்று இருந்தது. ஒரு குழியிலும் மாத்திரை இறங்கவில்லை!

பேட்டையே திரண்டு வந்து பார்த்தது. மாஸ்டர் ஒவ்வொரு குழியாக மாத்திரையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தட்டு சரியாத்தான் இருக்குது. கம்பெனிக்காரன் மாத்திரைய பெருசா செஞ்சிட்டான்." சொல்லிவிட்டு முதலில் சிரித்தவரும் அவரே. அடுத்த தட்டு சரியாக வந்தது. சுருங்கியதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒரு சித்திரை மாதம், பதிவேட்டை எதேச்சையாகப் புரட்டினேன். ஆறு, ஏழு, ஏழு, எட்டு, ஒன்பது. கடைசிக் கட்டத்தில் பதினொன்று.

"மாஸ்டர், பத்துக்கு மேல ஏதுங்க?"

"பத்து பத்தலம்மா!" என்றார். கண்கள் மின்னின. "சேத்தியாத்தோப்புல ஒரு கிளை, நல்லூருல ஒரு கிளை. எல்லாம் மனசுல பிளானு போட்டாச்சு. லாரிக்குக்கூட சொல்லிட்டேன்."

லாரி என்றதும் எனக்கு அந்த நானூறு பொம்மைகள் ஞாபகம் வந்தன. அவர் ஷெட்டில் போய்த் தட்டைப் பார்த்தேன். வார முடிவில் காலியாக இருக்க வேண்டிய தட்டு. பதினாலு குழியிலும் பதினாலு மாத்திரை. தினமும் காலையில் வெறும் கையை வாயில் போட்டுக்கொண்டு எங்களுக்கெல்லாம் எட்டு மணி காட்டியிருக்கிறார் மனுஷர்!

கஸ்தூரி அக்காவிடம் ஓடினேன். அவர் தலையில் கைவைத்து ஒரு நிமிடம் உட்கார்ந்தார். பிறகு டாக்டருக்குப் போன் செய்தார். "நீங்களா மறுபடி குடுத்துராதீங்க, நாளைக்குக் காலையிலயே கூட்டிட்டு வாங்க" என்றாராம் டாக்டர். கூட்டிப்போவது யார்? பதினொன்றில் இருக்கிற ஆளிடம் யார் பேச முடியும்?

டீக்கடை பாயிடம் மட்டும்தான் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் பேட்டை முழுவதும் கடை வாசலில் நின்றது. செல்போன் அலறியது. மாஸ்டர் வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோய், "போட்டாச்சு!" என்றார். ஒருத்தரும் அசையவில்லை. பாய் அடுப்பைத் தொடவில்லை.

"என்னா பாய், பாலு வெக்கல?"

"இன்னும் எட்டு ஆவலீங்களே."

"அலாரம் அடிச்சிச்சே!"

"அலாரத்துக்கு என்னா தெரியும்? நீங்க மாத்திரை போட்டாத்தான் இங்க எட்டு மணி. இப்ப ஏழே முக்காலுதான்."

மாஸ்டர் எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். கோபத்தில் முகம் சிவந்தது. "நல்லாத்தான இருக்கேன்! நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு மாத்திரை? நோவே இல்லாத என்னை நோயாளி ஆக்குறீங்களா?"

கூட்டத்துக்குள்ளிருந்து கஸ்தூரி அக்கா வந்தார். கையில் துணிப்பையும் டாக்டர் சீட்டும். "சூளை நல்லா எரியுதுன்னு யாராவது பாதியில வுட்டுட்டுப் போவாங்களா? வாங்க, போய்ட்டு வந்துரலாம்" என்றார்.

மாஸ்டர் அக்கா கையிலிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தார். பிறகு முணுமுணுத்தார். "கடலூரு பஸ்ஸு எட்டுக்கே போயிருக்கும்."

"எட்டே ஆவலன்னு சொல்றனே!" என்றார் பாய். "நெறைய டயம் இருக்குது, மெதுவா போங்க."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்டையே சிரித்தது. அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பாய் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மாஸ்டர் பஸ் ஸ்டாண்டு நோக்கி நடந்தார். அன்றைக்கு நாங்கள் வேலைக்குப் போனபோது மணி ஒன்பது. வருகைப் பதிவேட்டில் எட்டு என்றே போட்டுக்கொண்டோம். மேனேஜரும் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் ரத்தம் பார்த்து மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். சூளைக்குள் ஒரு மாதம் கழித்து வரலாம் என்று சொன்னார், முதலாளியும் ஒப்புக்கொண்டார். கவுன்சிலிங் அம்மா திட்டவே இல்லையாம். "நல்லா இருந்தேன், அதான் நிறுத்தினேன்னு சொன்னேம்மா. எதனால நல்லா இருந்தீங்கன்னு கேட்டாங்க. அதை அப்படியே நோட்டுல எழுதி வச்சிக்கிட்டேன்" என்று மாஸ்டர் ஆச்சரியமாகச் சொன்னார். எண்கள் மெல்ல மெல்ல இறங்கின. ஒரு நாள் பதிவேட்டில் ஐந்தரை என்று பார்த்தபோது எனக்குச் சாமி கும்பிடத் தோன்றியது.

இப்போது நான் புதுச்சேரியில் இருக்கிறேன். சுருங்கிய தட்டில் என் தோடுகளைப் போட்டு வைத்திருக்கிறேன், அதற்குச் சரியாக இருக்கிறது. இன்று காலை ஏனோ மனசு சரியில்லை. எட்டு அடித்து இரண்டு நிமிடத்தில் போன் செய்தேன்.

"போட்டாச்சும்மா! இன்னிக்கி ஆறு. உங்களுக்கு?"

நான்கு என்று சொல்லத்தான் போன் செய்தேன். அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் வாயில் ஏழு என்று வந்துவிட்டது.

"ஏழா? தண்ணிய குடிச்சிட்டு ஒக்காருங்கம்மா" என்றார்.

குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.