பித்தளைக் கடைவாய்ப்பல்

இயந்திரத்துக்கு மனசு கிடையாது, அதனால் அது யாரையும் பழிவாங்காது என்று நன்றாகப் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது பெரும் பிழை. இதை இனியும் பரவவிடுவது நாட்டுக்கு நல்லதல்ல. மனசு இருப்பவர்களுக்கு நடுவில் இரக்கம் வந்து தொலைக்கும். அது இல்லாததுதான் நிதானமாகப் பழிவாங்கும். சந்தேகம் உள்ளவர்கள் பல் டாக்டரின் காரைக் கேட்டுப் பார்க்கலாம்.

சாம்பல் நிறக் கார். மனைவியின் தம்பி சில வருஷம் ஓட்டிவிட்டு அக்கா வீட்டுக்காரருக்கு விற்றது. நல்ல சாலையில் நாய்க்குட்டி மாதிரி ஓடும். பள்ளத்திலோ வேகத்தடையிலோ ஏறி இறங்கும்போது, அதுவும் பின்னால் பேருந்து முட்டிக்கொண்டு வருகிற சமயம் பார்த்து, மூச்சை நிறுத்திவிடும். எப்போதும் அல்ல, நினைத்தால் நிற்கும். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைப் பிடுங்குவார், மறுபடி குத்தித் திருப்புவார். உடனே, "கூப்பிட்டீங்களா?" என்பதுபோல் உறுமிக்கொண்டு கிளம்பும். அதுவரை அவரை வைத ஓட்டுநர்கள் இப்போது சிரிப்பார்கள். வைததைக்கூட அவர் மன்னித்துவிடுவார்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். உலகத்துப் பூட்டுகளின் சாவிகளையெல்லாம் ஒரே வளையத்தில் சுமப்பவர் டாக்டர். கிளினிக் ஷட்டர், வீட்டு முன்கதவு, பின்கதவு, மொட்டை மாடி, பீரோ, எப்போதோ விற்றுவிட்ட ஸ்கூட்டர், காலிசெய்த வாடகை வீடு. எல்லாவற்றுக்கும் தலைவனாக, பல் டாக்டர்கள் மாநாட்டில் கொடுத்த எலுமிச்சை அளவுப் பித்தளைக் கடைவாய்ப்பல். மெக்கானிக்கை நம்பி இவ்வளவையும் ஒப்படைக்க முடியுமா? கார் சாவியை மட்டும், பல் பிடுங்குகிற இடுக்கியாலேயே கழற்றிக் கொடுத்தார்.

மெக்கானிக் காரில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தார்.

"நல்லாத்தானே ஓடுது சார்."

"நேத்து நின்னுது!"

"இன்னைக்கு ஓடுதே."

"நேத்து நின்னுதுய்யா!"

"நிக்கும்போது கொண்டாங்க சார், பாக்கலாம்."

"நின்னா எப்படிய்யா கொண்டு வர்றது?"

டாக்டர் கொதித்துப்போனார். பல்வலி என்று வருகிறவர்களிடம், "இப்ப வலிக்கலைல்ல? அப்புறம் என்ன?" என்று தானே தினமும் கேட்பது அவர் நினைவுக்கு வரவில்லை. கோபத்தில் இருப்பவருக்கு ஞாபகசக்தி ஒரு பக்கமாகத்தான் வேலைசெய்யும்.

வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார். "உன் தம்பி என்னை ஏமாத்திட்டான்!"

"அவன்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு நாளும் நிக்கலை," என்றாள் மனைவி, பென்சில் சீவுவதை நிறுத்தாமல்.

"அப்போ என்கிட்ட மட்டும் ஏன் நிக்குது? எம்மேல என்ன கோவம் அதுக்கு?"

"அதுக்கு என்ன கோவம்னு தெரியாது. எனக்கு என்னன்னு சொல்லவா?"

சொல்லத் தேவையில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளியில் அவளுக்கு ஓவிய ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. பள்ளி திறக்கப்போகிறது. பேருந்தில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். காலை மணியடிப்பதற்குள் போய்ச் சேர முடியாது. காரில் போகலாம். அவளுக்கு லைசென்ஸ் அவருக்கு முன்பே வந்துவிட்டது. அவர் முதல் தடவை ஓட்டிக் காட்டியபோது கம்பத்தில் இடித்ததை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"கார் இல்லைன்னா இந்த வேலை இல்லைங்க. உங்க கிளினிக் நடக்கிற தூரம்தானே?"

"நடக்கிற தூரமா? ஒரு டாக்டர் வேர்க்க விறுவிறுக்க நடந்து போனா எவன் வாயைத் திறப்பான்? அதுவும் இப்படி நட்டநடு ரோட்டுல நிக்கிற காரை உன்கிட்ட குடுத்துட்டு நான் நிம்மதியா இருக்கவா?"

"ஓ, கார் நிக்கிறதாலதான் குடுக்கலையா?"

"பின்னே?"

"நிக்காம ஓடினா?"

டாக்டர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். பென்சில்கள் உருண்டன. "ஒரே ஒரு வாரம்! இந்தச் சனியன் ஒரு வாரம் நிக்காம ஓடட்டும், சாவியை உன் கையில குடுத்துட்டு நான் நடந்தே போறேன்!"

எதிர்வீட்டில் பூவாளியால் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி நிமிர்ந்தார்.

"சார், கேட்டீங்களா?" என்றாள் ஜன்னல் வழியே.

"பதிவாயிடுச்சும்மா," என்றார் நீதிபதி.

மறுநாள் காலை அவள் கையை நீட்டினாள். "வீட்டுப் பூட்டெல்லாம் இறுகிக் கிடக்கு. எண்ணெய் விடணும். சாவிக் கொத்தைக் குடுத்துட்டுப் போங்க."

"எல்லாத்தையுமா?"

"உங்களுக்கு ஷட்டர் சாவியும் கார் சாவியும் போதாதா? அந்தப் பல்லும் கறுத்துக் கிடக்கு. புளி போட்டுத் தேய்க்கறேன்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். பூட்டுகள் என்ன இறுக்கமோ, எண்ணெய் விடும் வேலை அன்று முடியவில்லை. அதற்கடுத்த நாளும் முடியவில்லை.

கார் நிற்கவில்லை. வேகத்தடையில் ஏறியது, இறங்கியது. பேருந்து பின்னால் வந்தது, போனது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கிளம்பும் முன் பானெட்டில் பளார் என்று ஓர் அறை விட்டுக்கொண்டிருந்தார். அதுதான் வைத்தியம் என்று முடிவுகட்டினார்.

வாரம் முடிந்த அன்று அவள் மறுபடி கையை நீட்டினாள். நீதிபதி வேலியோரம் வந்து நின்றார். கையில் பூவாளி இல்லை.

"அதெப்படி?" என்று சீறினார் டாக்டர். "இது என் அடிக்குப் பயந்து ஓடற கார். நீ ஓட்டினா மறுபடியும் நிக்கும்!"

"உக்காருங்க," என்றாள். "சார், நீங்களும் வாங்க."

அவள் ஓட்டினாள். வேகத்தடையில் ஏறி இறங்கினாள், கார் ஓடியது. திரும்பி வந்து ஓரமாக நிறுத்தினாள். கைப்பையிலிருந்து கொத்தை எடுத்தாள். பளபளவென்று மின்னிய கடைவாய்ப்பல்லோடு அதைக் கார் சாவியில் மாட்டினாள். அதே தடையில் மறுபடி ஏறி இறங்கினாள். பல் துள்ளிக் கீழே இழுத்தது. கார் நின்றது.

பின்னால் ஹாரன் அலறியது.

"சாவி போடற ஓட்டை தேஞ்சிருக்கு," என்றாள். "இந்தக் கனம் குதிக்கும்போது சாவியை இழுத்துத் திருப்பி இன்ஜினை அணைச்சிடுது. என் தம்பி ஒத்தைச் சாவியில ஓட்டினான். மெக்கானிக்கும் ஒத்தைச் சாவியிலதான் ஓட்டினாரு."

டாக்டரின் காது மடல் சிவந்தது. "இது உனக்கு எப்போ தெரியும்?"

"நீங்க மேஜையைக் குத்தறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. பக்கத்துல உக்காந்து வந்தப்போ பார்த்தேன்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா கொத்தைக் கழட்டி வெச்சிட்டு நீங்களே ஓட்டிட்டுப் போயிருப்பீங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். கடைவாய்ப்பல்வரை தெரிந்தது. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மேல்முறையீடு கிடையாது டாக்டர்," என்றார் நீதிபதி. "முதல்ல காரை ஓரங்கட்டச் சொல்லுங்க."

பள்ளி திறந்த அன்று காலை டாக்டர், இடுப்பில் முழுக் கொத்தும் குலுங்க, கிளினிக்குக்கு வேர்க்க விறுவிறுக்க நடந்து போய்ச் சேர்ந்தார். முதல் நோயாளி பூட்டிய ஷட்டருக்கு முன்னால் காத்திருந்து பார்த்துவிட்டு, வலி நின்றுவிட்டது என்று வீட்டுக்குப் போயிருந்தார்.