இருபத்திமூன்றாம் நம்பர் கல்

கல்லைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு, கையால் செதுக்கியவர்கள் உண்டு. நாக்கால் வாசித்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்த கல்லுத் தொர.

சத்தியமாகச் சொல்கிறேன், நக்குவார். தேயிலை மலையில் ஒரு கறுப்புக் கல்லைப் பார்த்தால் போதும், சுத்தியலால் ஒரு தட்டு, உடைந்த சிலும்பில் ஒரு நக்கு. "ஈரமாக்கினாத்தான் உள்ளுக்க இருக்கிற மணியெல்லாம் தெரியும், கிளாக்கர்" என்பார். யாழ்ப்பாணத்து மனுசன், கண்டிப் பக்கம் ஒரு கெம்பஸில் பாறைகளைப் பற்றிப் படிப்பிக்கிறவர். நான் தோட்ட ஒப்பீஸ் கிளாக்கர். என் குவாட்டர்ஸ் பின்னறையில்தான் அவர் குடியிருந்தார். அறையில் அவர் படுக்க இடமில்லை, கட்டிலில் கல் படுத்திருந்தது.

ஒருநாள் ஹட்டன் பஸ்ஸில் அவருடைய பையைத் தூக்கப்போன கண்டக்டர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மேக்கே மொனவத?" என்றான், இதுக்குள்ளே என்ன என்று சிங்களத்தில். கல் என்றார். விற்கவா? இல்லை. வீடு கட்டவா? இல்லை. கடைசியில் பைக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்கி, கல்லை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு இவர் நின்றுகொண்டே வந்தார்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது தோட்டத்து மனேஜர், பெரிய தொர, அவரைப் பேசச் சொன்னார். "பூமிக்கு அடியில நெருப்புக் குழம்பு இருக்கு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தி அது வெடிப்புகளுக்குள்ளால மேல வரப் பாத்தது. வரேலாம உள்ளுக்கயே உறைஞ்சு போச்சு. அந்தக் கறுப்புச் சுவர் உங்கட எட்டாம் நம்பர் மலைக்குக் கீழால ஓடுது. மேல கிடக்கிற உருண்டைக் கல்லெல்லாம் அதின்ர தலை."

கங்காணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "அந்தக் கொழம்பு இன்னும் கொதிக்குதுங்களா சேர்?"

"இல்லை, எப்பவோ ஆறிப்போச்சு."

"அட சாமி! ஆறின கொழம்புக்கா இம்புட்டு அலைச்சல்?"

பெரட்டே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வேலை என்று வந்தால் மனுசன் எமன். ஒரு கல்லின் சுற்றளவை எடுக்க நாலு தரம் டேப் பிடிக்க வைப்பார். "மூச்சு விட்டனீங்கள் கிளாக்கர், டேப் அசைஞ்சு போச்சு. அங்குலம் பிசகினா அது பொய். பொய்யை நான் எழுதமாட்டன்." பொண்டாட்டிகூட என்னை மூச்சு விட்டதற்காக ஏசியது கிடையாது.

அந்தக் கறுப்புச் சுவர் ஓடும் கோட்டைத்தான் அவர் ஆறு வருசமாகத் தேடினார். எட்டாம் நம்பர் மலையில் முப்பத்தியொரு கல்லைக் கண்டுபிடித்து, மஞ்சள் பெயிண்டில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டார். கற்கள் கிடக்கிற இடத்தை அங்குல சுத்தமாகக் குறிக்கிற மெசின் கண்டியில் ஏழே ஏழு நாள், ஒரே ஒரு கிழமைக்கு இரவல் கிடைப்பதாக இருந்தது. "போன்ல பாத்தா போதாதுங்களா சேர்?" என்றேன். "போன் பத்தடி பிசகும்" என்று முறைத்துவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறினார்.

இனி வருவது என் திருவாய் செய்த வேலை. கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒப்பீஸுக்கு வந்து, "கல்லுல எதுக்குங்க நம்பரு?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும் என்று சொன்னால் பெருமையா, தெரியாதது போலச் சொன்னால் பெருமையா? முகத்தை இறுக்கிக்கொண்டு, "அதெல்லாம் மேலிடத்து விசயம். நேரம் வரும்போது தெரியும், போங்க" என்றேன்.

போனார்கள். ஏழு பேர்ச் காணி தருவோம், தனி வீடு தருவோம் என்று ஒவ்வொரு எலெக்சனுக்கும் கேட்டுக் கேட்டுக் காது புளித்த சனம். மஞ்சள் நம்பரும் மேலிடமும் சேர்ந்தால் வேறென்ன நினைக்கும்? காணி பிரிக்கப் போகிறார்கள், கல் யார் வாசலில் இருக்கிறதோ அந்த நம்பர் காணி அவருக்கு!

ஞாயிற்றுக்கிழமை எட்டாம் நம்பர் மலையே புரண்டது. பலாக்காய் அளவுக் கல்லெல்லாம் சாக்குப் படங்கில் சுற்றி, தோளில் ஏறி, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தது. ஏழாம் நம்பர் கல்லுக்கு இரண்டு குடும்பம் மல்லுக்கு நின்றது. எட்டாம் நம்பர் கல்லும் வந்தது, சனியனுக்குரியது என்று வாசலில் வைக்கத்தான் ஆளில்லை, கடைசியில் பெரட்டுக் களத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. மேல் லயத்து இராமாயி அக்காவுக்கு ஆண்துணை கிடையாது. பென்சன் எடுத்துவிட்டதால், லயத்து ஒற்றையறைக் காம்பராவை எப்போது விடச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்த மனுசி. அலவாங்குக் கம்பியால் நெம்பி நெம்பி, இருட்டும்வரை உருட்டி, இருபத்திமூன்றைத் தன் வாசலுக்குக் கொண்டுவந்தது.

செவ்வாய்க்கிழமை கல்லுத் தொர மெசினோடு வந்து இறங்கினார். மலையில் நம்பர் போட்ட ஒரு கல்கூட இல்லை. தேயிலை நெரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்ர கோடு..." என்றார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. நடந்ததை, என் வாய்க்கொழுப்பையும் சேர்த்து, ஒப்புக்கொண்டேன்.

அதற்குள் சனம் கூடிவிட்டது. இராமாயி அக்காதான் கேட்டது. "அப்ப காணி இல்லீங்களா சேர்?"

"இல்லை அம்மா. இது வெறும் கல்லுத்தான்."

கல்லை இழந்தவர் காணியை இழந்தவர்களைப் பார்த்தார். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் விடியக் காலை, பெரட்டுக்கு முன்னாலேயே, அதே தோள்களில் கற்கள் மலை ஏறின. எந்தக் கல் எங்கே கிடந்தது என்று யாருக்குத் தெரியும் என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார் கல்லுத் தொர. "ஏன் தெரியாது? கொழுந்து எடுக்கையில தெனம் எங்காலுல இடிக்கிற கல்லு சேர் இது. மூணாவது நெர, வளைஞ்ச செடிக்கு இந்தப் பக்கம்" என்றாள் ஒருத்தி. வைத்தார்கள். குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது, பாசி படிந்த பக்கம்கூட மேலே. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "அங்குலம் பிசகேல்லை... அங்குலம் பிசகேல்லை" என்று மனுசன் அழுதுகொண்டே மெசினைப் பிடித்தார்.

வந்தது முப்பது. இருபத்திமூன்று வரவில்லை. நானும் அவரும் மேல் லயத்துக்குப் போனோம். ஆறாவது காம்பரா வாசலில் கல் இருந்தது. கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு செவ்வந்திச் செடியும் நட்டாகிவிட்டது.

"எடுத்துக்கங்க சேர். காணி இல்லாத கல்லு எனக்கெதுக்கு?" என்றது அக்கா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவர் கல்லைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். குனிந்தார். ஐயோ, குங்குமத்தோடு நக்கிவிடுவாரோ என்று பயந்தே போனேன். ஒரு சிறு சில்லை மட்டும், "எடுக்கட்டோ அம்மா?" என்று கேட்டுத் தட்டி எடுத்துக்கொண்டார். "கல்லு இங்கயே இருக்கட்டும். கிடந்த குழியை மட்டும் காட்டுங்கோ." குழியை அளந்துகொண்டு, அந்தக் கிழமையே போய்விட்டார்.

ஒரு வருசம் கழித்து அவருடைய ஆராய்ச்சி தபாலில் வந்தது. ஒரு பக்கத்தில் அடையாளம் வைத்திருந்தார். முப்பத்தியொரு கல்லுக்கும் அட்டவணை. மற்ற முப்பதுக்கும் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. இருபத்திமூன்றுக்கு மட்டும் இங்கிலீஷில் எழுதியிருந்தது: இப்போது இருக்கும் இடம், மேல் லயம், ஆறாம் காம்பரா வாசல். உரிமையாளர், இராமாயி.

ஓடிப்போய் வாசித்துக் காட்டினேன். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு, தன் பேர் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தது. "இன்னொருக்கா வாசிங்க" என்றது. வாசித்தேன். ஐந்து தரம் வாசிக்க வைத்தது. பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கல்லு நக்கியைக் கட்டிப்பிடித்திருப்பேன்.

அன்று பின்னேரம் கல்லுத் தொரயே எனக்குப் போன் எடுத்தார். ஹலோகூடச் சொல்லவில்லை. "கிளாக்கர், இருபத்திமூண்டை நான் சரியா எழுதியிருக்கிறனோ?"

"சரிதாங்க சேர்" என்றேன். "ஒரு அங்குலம்கூடப் பிசகல."