மூன்று நிமிட ஓய்வு

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைப்பட்ட மூன்று நிமிடங்களை என்ன செய்வதென்று எபோ சாக்கிக்கு விளங்கவில்லை. பாரத்தைத் தூக்குவது எளிது. இறக்கி வைத்தபின் சும்மா இருப்பதுதான் கடினம்.

"என்ன பாஸ், அரிசி மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் பயிற்சியாளர் டெட்டே. "ஓய்வு நேரத்தை வீணாக்கக் கூடாது. உருப்படியா ஏதாவது பண்ணுங்க. லாம்ப்டியைப் பாருங்க."

லாம்ப்டி கைப்பேசியில் மருமகளை அதட்டிக்கொண்டிருந்தார். சுவரோரம் இன்னொருவர் லண்டன் தம்பியிடம் பனியைப் பற்றி விசாரித்தார். நுங்குவா ஊர் மீன் குளிர்கிடங்கின் பின்சுவரை ஒட்டிய அந்தத் தகரக் கொட்டகையில், லாரி அச்சுகளில் சிமென்ட் உருளைகளைக் கோத்துத் தூக்கிய அனைவரும் ஓய்வு நேரத்தைக் குடும்பத்துக்கே ஒதுக்கியிருந்தார்கள்.

எபோவுக்கு ஒதுக்க ஆளில்லை. சொந்த ஊரான கேப் கோஸ்ட்டிலிருந்து இங்கே துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தபின், கைப்பேசி நேரம் பார்ப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"அராபா, சாப்பிட்டியா? ஆமா, தூக்கிட்டுத்தான் இருக்கேன். நீ மீன்ல உப்பைக் குறைச்சுக்கோ."

இல்லாத மனைவியோடு மூன்று நிமிடம் இனிதே கழிந்தது. அடுத்த சுற்றில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தூக்கினார்.

மறுவாரம் டெட்டே கையை நீட்டினார். "வீட்டம்மாதானே? குடுங்க, ஒரு வார்த்தை விசாரிச்சுடறேன். பக்கத்துல நின்னுட்டு விசாரிக்கலைன்னா மரியாதையா?"

"இப்பத்தான் வெச்சுட்டா."

மறுநாள் டெட்டே முதலிலேயே கையை நீட்டியபடி வந்தார். எபோ தடுமாறினார்.

"பேச மாட்டேங்கறா. கோபிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

சண்டையென்றால் நாகரிகமாக விலகிவிடுவார்கள் என்பது அவருடைய கணிப்பு. ஆனால் அவ்வூர் வழக்கப்படி, கோபித்துப் போனவளைக் கணவன் தனியே போய் அழைப்பதுதான் அநாகரிகம். பெரியவர்கள் ஷ்நாப்ஸ் மதுக் குப்பியோடு சென்று பெண் வீட்டாரிடம் பணிந்து கேட்க வேண்டும். கொட்டகை முழுவதும் அக்கணமே பெரியவர்களாயிற்று.

"நான் பேசறேன்," என்றார் லாம்ப்டி. "நீங்க வாயையே திறக்காதீங்க. திறந்ததுனாலதானே போயிட்டா?"

"தானா வந்துடுவா..." என்று இழுத்தார் எபோ.

"வேன் சொல்லியாச்சு பாஸ். சனிக்கிழமை காலைல கேப் கோஸ்ட்," என்றார் டெட்டே.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், இந்நகரில் 'என்ன பாஸ்' என்று தம்மைக் கேட்கும் ஒரே இடமும் போய்விடும். எபோ குனிந்து பாரத்தைப் பிடித்தார்.

சனிக்கிழமை காலை, கொட்டகைக்குள் அனைவரும் திருவிழாத் துணியைத் தோளில் சுற்றி நின்றார்கள். டெட்டேயின் கையில் குப்பி. சந்து முனையில் வேன். எபோ நடுவில் பாய்ந்து கைப்பேசியைக் காதில் அழுத்தினார்.

"அராபா! நிஜமாவா? அழாதேம்மா. சரி, சரி, நானும் இனிமே கத்த மாட்டேன்." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "மன்னிச்சுட்டா. அவளே கிளம்பி வர்றாளாம். யாரும் அலைய வேண்டாம்."

கொட்டகை கைதட்டியது. லாம்ப்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல பொண்ணு," என்றார் டெட்டே.

ஆனால் ஒருவரும் துணியைக் களையவில்லை. வரிசையாக வெளியேறி, வாசலைத் தாண்டியதும் அவரவர் கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வேனில் ஏறினார்கள். சன்னலோரத்துக்குச் சண்டை நடந்தது. நடுவே ஓர் இருக்கையை எபோவுக்காகக் காலியாக விட்டிருந்தார்கள்.

வாசலில் தண்ணீர் பாக்கெட் விற்கும் கோர்க்கோரிடம் எபோ மெல்லக் கேட்டார். "என்னக்கா இது? அவ வர்றேன்னு போன்ல சொன்னது இவங்க காதுல விழலையா?"

கோர்க்கோர் ஒரு தண்ணீர் பாக்கெட்டை அவர் கையில் வைத்தார்.

"ஏறுங்க பாஸ். அவங்களுக்கும் பேசறதுக்கு ஆள் வேணாமா? அந்தக் கொட்டகைக்குள்ள என்னிக்காவது ஒருத்தருக்காவது டவர் கெடச்சிருக்கா?"