தங்கள் அலமாரிப் படங்கள் குறித்து

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாவும், தங்கள் மகளாகிய என் மருமகளும், இன்னும் பெயர் முடிவாகாத நம் பேத்தியும், என் மகனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது கீழே வரும்.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் தனியாக, உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். சம்பந்தி அம்மாவின் கண்ணில் இது படக்கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் பெண் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுவது உலக வழக்கத்தில் இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தும் எழுதுகிறேன்.

ஐந்து மாதங்களுக்கு முன் தாங்கள் இருவரும் பிரசவத்துக்காக மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது, வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து இரண்டே வேலை சொன்னீர்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாரம் ஒருமுறை சன்னலைத் திறந்துவிட வேண்டும். செடிகள் மிக நன்றாக இருக்கின்றன. நல்ல செய்தி இத்துடன் முடிந்தது.

மூன்றாம் மாதம், தங்களுக்கு மேல்வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் வெடித்து, தங்கள் கூடத்துச் சுவரெல்லாம் ஈரம் இறங்கிவிட்டது. பொறுப்புள்ள மனிதன் என்ற முறையில் சுவரோரம் இருந்த அலமாரியைக் காலி செய்தேன். உள்ளே இருநூற்றுப் பதினெட்டு சிடிக்கள். எல்லாம் வெள்ளைக் காகித உறைக்குள்; ஒவ்வொரு உறையிலும் தங்கள் கையெழுத்தில் படத்தின் பெயர், அதற்குக் கீழே ஒரு தேதி. நான் முப்பத்தாறு வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவன். ஒரு பொருளின் மேல் தேதி இருந்தால் என் புத்திக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். அத்தனையும் தேதி கடந்திருந்தன. சிலது பதினோரு வருடம் கடந்திருந்தன.

அப்போதும் நான் அவசரப்படவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். மகனுக்குப் போன் போட்டேன்.

"இப்பல்லாம் யாருப்பா சிடி பார்க்கிறாங்க? எல்லாப் படமும் போன்லயே இருக்கு. தூக்கிப் போடுங்க. மாமாவுக்கு நான் ஒரு அக்கவுண்ட் போட்டுத் தர்றேன். ஊர் திரும்பினதும் சர்ப்ரைஸா இருக்கட்டும்."

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமேடா?"

"கேட்டா அப்புறம் அது எப்படிப்பா சர்ப்ரைஸ்?"

இவ்வளவு புத்திசாலிக்குத்தான் தாங்கள் பெண் கொடுத்திருக்கிறீர்கள். தங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தின் தோட்டக்காரர், "பழைய சிடி இருந்தால் தரவும், பறவைத் தொல்லை" என்று ஒரு சீட்டு எழுதி வாசல் கதவில் ஒட்டியிருந்தார். கேட்கிறவர் கேட்க, கொடுக்கிறவர் கொடுக்க, எல்லாம் கூடி வந்தது. படங்களின் பெயரை மட்டும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு, இரண்டு சாக்கில் கட்டி அவரிடம் கொடுத்தேன். அன்று மதியம் இரண்டு பிடி அதிகமாகவே சாப்பிட்டேன்.

அப்புறம் அந்த அக்கவுண்ட் வந்தது. தாங்கள் வருவதற்குள் தங்கள் படங்களையெல்லாம் அதில் தேடி வரிசைப்படுத்தி வைத்துவிடலாம் என்று தங்கள் வீட்டு டிவியின் முன் நோட்டோடு உட்கார்ந்தேன். முதல் இரண்டு வாரம் எதைத் தேடினாலும் முயல், கரடி, பேசும் ரயில் இப்படியே வந்துகொண்டிருந்தது. நான் குழந்தைகள் பகுதிக்குள் நுழைந்துவிட்டேன், வெளியே வரத் தெரியவில்லை என்று பின்னால் மருமகள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கரடிப் படம் பரவாயில்லை. நடுவில் ஒருநாள் திரையில், "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டது. ஓய்வு பெற்ற பிறகு, "இன்னும் இருக்கீங்களா?" என்று என் முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடைசியில் பெரியவர்கள் பகுதிக்கு வந்து நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தேடினால், இருநூற்றுப் பதினெட்டில் அறுபத்தொன்றுதான் இருக்கிறது. அதிலும் சிலதில் பாட்டைக் காணோம். ஒன்றில் நம் மொழியையே காணோம். ஒரு படத்தைத் தனியாக விலைக்கு வாங்கு என்றது, வாங்கினேன். அடுத்த வாரம் அதையும் காணோம். மகனைக் கூப்பிட்டேன்.

"வாங்கின பொருள் எப்படிடா காணாமப் போகும்?"

"நீங்க படத்தை வாங்கலைப்பா. பார்க்கிறதுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்க. அவங்க எடுத்துட்டா எடுத்துட்டாங்கதான்."

"நான் ஒருத்தருக்கு மாத்திரை வித்துட்டு, ராத்திரி அவர் வயித்துக்குள்ள கையை விட்டு எடுத்துக்கிட்டு வந்தா ஊர் சும்மா இருக்குமாடா?"

"குழந்தை அழுதுப்பா, வச்சிடறேன்," என்றான். அந்தக் குழந்தை அவனுக்குத் தேவையான நேரத்தில் சரியாக அழுகிறது.

இதுவரை நடந்தது என் முட்டாள்தனம். இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாளாகப் பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். டிவிக்குக் கீழே இருக்கும் பழைய பிளேயரையும் துடைத்து மூட்டை கட்டிவிடலாம் என்று என் மனைவி ஒரு பொத்தானை அமுக்கினாள். தட்டு வெளியே வந்தது. அதில் ஒரு சிடி இருந்தது. இருநூற்றுப் பத்தொன்பதாவது. "போட்டுத்தான் பாருங்களேன்," என்றாள். போட்டோம்.

படத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசுவதை அப்படியே எழுதியிருந்தது. அப்புறம் ஒரு கதவைத் தட்டினார்கள். கீழே இப்படி வந்தது: [கதவு தட்டும் சத்தம். நம்ம மாப்பிள்ளை தட்டுவாரே, உடைக்கிற மாதிரி, அப்படி.]

நான் பிளேயரை நிறுத்தினேன். என் மனைவி திரும்பவும் ஓடவிட்டாள். [பின்னணி இசை. சொல்லிக்கொள்ளும்படி இல்லை.] [இந்தப் பாட்டு நல்லாவே இருக்காது, நீ அதுக்குள்ள மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கோ.] [மழை. ஓட்டு வீட்டு மழை இல்லை, தகரத்து மேல விழற மழை.] கதாநாயகனின் அப்பா வாயைத் திறந்ததும், [இந்த ஆளுக்கு நம்ம சம்பந்தி குரல். தகர டப்பாவுல ஆணி போட்டுக் குலுக்கின மாதிரி.] இதை நான் அன்றே மன்னித்துவிட்டேன். என் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

கோர்ட்டில் முப்பது வருடம் சுருக்கெழுத்து எழுதிய கை தங்களுடையது. அந்தக் கை ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்துகொண்டிருந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. காய்ச்சலில் சம்பந்தி அம்மாவுக்குக் காது போனது எனக்குத் தெரியும். காது கேட்காதவர் இருக்கிற வீட்டில் ஓர் அலமாரி நிறையப் படம் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் தேதியைத்தான் பார்த்தேன். படம் பாதி தாண்டியதும் ஒரு நகைச்சுவைக் காட்சி வந்தது. அதற்குக் கீழே, [தியேட்டரில் இந்த இடத்தில் எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நீ திரையைப் பார்க்காம என் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தே.] என்று இருந்தது.

என் மனைவி எழுந்து போய்த் தங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். காலையில்தான் ஊற்றியிருந்தாள்.

உறையின் மேலிருந்த தேதிகள் தாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த நாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பழத்தோட்டத்தில் தங்கள் படங்கள் நூற்று நாற்பது, கிளைக்குக் கிளை நூலில் கட்டித் தொங்கி, வெயிலில் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன. மிச்சம் எழுபத்தெட்டைக் கைவேலை டீச்சர் வாங்கிப் போய்விட்டாராம்.

"எல்லாத்தையும் அவிழ்த்துக் கொடுங்க," என்றேன்.

தோட்டக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொடுத்த பொருளைத் திருப்பிக் கேக்குறீங்களே சார். காய் பழுக்கிற நேரம். இப்ப அவிழ்த்தா அத்தனையும் பறவைக்குத்தான். பறிச்சு முடியட்டும், தர்றேன்."

"அதுக்குள்ள வெயில்ல அழிஞ்சு போயிடும்யா."

"அப்ப பறவையை யார் விரட்டுறது?"

நான் விரட்டினேன். பத்தொன்பது நாள். காலை ஆறு மணிக்குத் தகரத்தட்டும் குச்சியுமாகப் போய், ஒரு கிளையிலிருந்து சிடியை அவிழ்ப்பது, அந்தக் கிளைக்கு நானே காவல் இருப்பது. என் மனைவி தூக்குப் பாத்திரத்தில் மதியச் சாப்பாடு கொண்டுவந்து, வேலிக்கு வெளியே நின்று, "மருந்து கொடுத்த கை காக்கா ஓட்டுது, பார்க்கக் கொடுத்து வைக்கணும்," என்பாள். நான் தட்டைத் தட்டுவதை விட வாயால் கத்தினால்தான் பறவை பயப்படுகிறது என்று தோட்டக்காரர் கண்டுபிடித்தார். என் குரலைப் பற்றித் தாங்கள் எழுதியதில் ஏதோ உண்மை இருக்க வேண்டும்.

காற்றில் போனது போக மரத்திலிருந்து தொண்ணூற்றேழு இறங்கின. அதில் ஐம்பத்திரண்டு ஓடுகிறது. கைவேலை டீச்சரிடம் போனபோது தங்கள் படங்கள் எல்லாம் வண்ணத்துப்பூச்சி ஆகியிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா சுவரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் தந்தார். வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளைகளிடமிருந்தும் கேட்டு வாங்கித் தந்தார். நாற்பது கிடைத்தன. பெயிண்ட் மேல்பக்கம் மட்டும் அடித்திருந்ததால் முப்பத்துமூன்று, இறக்கையோடு ஓடுகிறது. பிளேயரில் இருந்ததையும் சேர்த்து மொத்தம் எண்பத்தாறு. நூற்று முப்பத்துமூன்று போனது போனதுதான். நான் எங்கே போய் முட்டிக்கொண்டாலும் அது வராது.

போனவற்றில் சில படங்கள் அந்த அக்கவுண்டில் இருந்தன. ஒன்று பாட்டோடு, நம் மொழியிலேயே இருந்தது, எழுத்து மட்டும் இல்லை. சரி, பேசுவதைக் கேட்டு நானே எழுதிவைத்தால், பிறகு தாங்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதியதும் என் மனைவி வாங்கிப் பார்த்தாள். பாதி வரி, "ஏதோ சொல்கிறான்", "அதற்கு அவளும் ஏதோ சொல்கிறாள்" என்றே இருந்தது.

"அவன் தெளிவாத்தானே பேசறான்?" என்றாள்.

"முணுமுணுக்கிறான்."

"உங்களுக்குக் காது மந்தமாப் போச்சுன்னு ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"எப்பச் சொன்னே?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அடைப்புக்குறிக்குள் என்ன எழுதுவது என்று தங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் நோட்டைப் பிடுங்கி அவளே எழுத ஆரம்பித்தாள். அவள் எழுத எழுத நான் படித்தேன். அந்தப் படத்தை நான் போன வருடம்கூடப் பார்த்திருக்கிறேன். கதாநாயகி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள் என்று நினைத்துக் கண் கலங்கியிருக்கிறேன். அவள் பால் வாங்கத்தான் போகிறாள்.

அதற்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால் என் மனைவி படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அழுதேன் என்று எனக்குத் தெரியவில்லை. வருகிற வாரம் காது டாக்டரிடம் போகச் சம்மதித்துவிட்டேன். ஐம்பது பக்கம் எழுதியாகிவிட்டது, அடைப்புக்குறிகளை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். அதை வேறு யாரும் எழுதக்கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

சம்பந்தி அவர்களே, தாங்கள் என்னைத் திட்டலாம். ஊர் திரும்பியதும் வந்து நேரில் திட்டலாம், சற்று உரக்கத் திட்டும்படிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சம்பந்தி அம்மாவிடம் மட்டும் இது போகக்கூடாது. பேத்தி பிறந்த வீட்டில் அவர் மனம் நோக வேண்டாம். தாங்கள் வருவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் நாங்கள் எழுதுகிற வரை எழுதுகிறோம், அலமாரியின் முன்வரிசையாவது நிரம்பியிருக்கும்.

பேத்தி நன்றாக வளர்ந்து, நல்ல காதும் நல்ல கண்ணும் பொறுமையான புருஷனும் வாய்த்து, இரண்டு வீட்டுக் குரலும் வராமல், தன் பாட்டி மாதிரி வாழ வேண்டும் என்று பெரியவனாக வாழ்த்துகிறேன். மருமகளுக்கு என் ஆசிகள். மகனுக்கு இந்தத் தடவை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மருமகள் போன் செய்தாள். பேச்சுவாக்கில், அந்த வீட்டுக்கு வரும் தபாலையெல்லாம் கீழே இறங்கிப் போய் எடுத்து, யார் பேருக்கு வந்தாலும் முதலில் பிரித்துப் படிப்பது தன் அம்மாதான் என்றும், அப்பா கைக்கு வருவதற்குள் அவர் இரண்டு தடவை படித்து முடித்திருப்பார் என்றும் சொன்னாள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். ஆனால் இவ்வளவு உண்மையை இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே, சம்பந்தி அம்மா அவர்களுக்கு வணக்கம். இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் எல்லாம் தெரிந்துவிட்டது. தயவுசெய்து இதை முன்பு இருந்த மாதிரியே மடித்து, ஒட்டி, அவரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல இருந்துவிடுங்கள். அவரும் உங்களிடம் ஒன்றும் தெரியாதவர் போலத்தான் இருப்பார். எங்கள் வீடும் நாற்பது வருடமாக இப்படித்தான் நல்லபடியாக ஓடுகிறது.